ருஸ்தம் ஜால் வக்கீல்

ருஸ்தம் ஜால் வக்கீல் (ஜூலை 17, 1911 - நவம்பர் 20, 1974) இந்தியாவைச் சேர்ந்த இதயநோய் மருத்துவரும் ஆய்வாளரும் ஆவார். சர்ப்பகந்தா மூலிகையின் வேர் உயர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை மருத்துவச் சோதனை மூலம் நிறுவி, மேலை மருத்துவ உலகிற்கு அறிமுகப்படுத்தியவர். உயர் இரத்த அழுத்தம் பக்கவாதத்தின் முதன்மைக் காரணி என்பதால், பக்கவாதத் தடுப்பு வரலாற்றில் இவருக்கு முக்கிய இடம் உண்டு. இந்திய நவீன இதயவியலின் தந்தை எனவும் அழைக்கப்படுகிறார்.

வாழ்க்கை

மும்பையில் பார்சி குடும்பத்தில் பிறந்த இவர், லண்டனில் மருத்துவம் பயின்றார். பின்னர் மும்பை திரும்பி, கிங் எட்வர்டு நினைவு மருத்துவமனையில் பணியாற்றினார். மருத்துவப் பாட நூல்களையும் எழுதியுள்ளார்.

அன்றைய நிலை

1940களில் உயர் இரத்த அழுத்தத்திற்குப் பயனுள்ள மருந்து ஏதும் இல்லை. உப்புக் குறைந்த உணவு, ஓய்வு, நரம்புகளை வெட்டும் கடினமான அறுவை ஆகியவையே வழிகளாக இருந்தன. 1945 இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசவெல்ட், பல ஆண்டுகள் உயர் இரத்த அழுத்தம் இருந்த நிலையில் மூளை இரத்தக்கசிவால் இறந்தார்.

சர்ப்பகந்தா ஆய்வு

இமயமலை அடிவாரம், மேற்குத் தொடர்ச்சி மலை முதலிய பகுதிகளில் வளரும் சர்ப்பகந்தா, பாம்புக்கடிக்கும் மனநோய்க்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. அது இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை 1931 இல் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் தெரிவித்தனர். எனினும் இச்செய்தி வெளிநாடுகளில் கவனம் பெறவில்லை.

வக்கீல் இம்மருந்தைப் பல ஆண்டுகள் கையாண்டபின், 50 நோயாளிகளிடம் செய்த சோதனையின் முடிவுகளை 1949 இல் பிரித்தானிய இதய ஆய்விதழில் வெளியிட்டார். பெரும்பாலோருக்கு இரத்த அழுத்தம் குறைந்திருந்தது. இதன் பின்னர் பாஸ்டனில் ராபர்ட் வில்கின்ஸ் இம்மருந்தைச் சோதித்தார். 1952 இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவன ஆய்வாளர்கள் வேரிலிருந்து ரெசர்ப்பின் என்னும் வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தனர். இது நரம்பு முனைகளில் உள்ள நார்அட்ரீனலின் இருப்பைக் குறைக்கிறது. அதனால் இரத்தக் குழாய்கள் தளர்கின்றன.

பக்கவாதத் தடுப்பில் பங்கு

ரெசர்ப்பின் உள்ளிட்ட மூன்று மருந்துகளைக் கொண்டு, அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 380 ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1970 இல் வெளியானது. மருந்து பெறாத பிரிவில் 20 பேருக்கும், பெற்ற பிரிவில் 5 பேருக்கும் பக்கவாதம் ஏற்பட்டது.

நீடித்த உயர் இரத்த அழுத்தம் இதயத்தின் இடது மேலறையை விரிவடையச் செய்து, மேலறை நடுக்கம் என்னும் சீரற்ற துடிப்புக்கும் வழிவகுக்கிறது. அப்போது மேலறையில் தேங்கும் இரத்தம் உறைந்து, உறைகட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் உண்டாகும். இதைத் தடுக்க வார்ஃபரின் போன்ற உறைவெதிர்ப்பு மருந்துகள் தரப்படுகின்றன. ரெசர்ப்பின் அவற்றுக்கு மாற்றன்று. ஆயினும், உறைவெதிர்ப்பு மருந்து உண்போருக்கு மூளையில் இரத்தக்கசிவு நேராதிருக்க, இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தல் இன்றியமையாதது.

மனச்சோர்வு, மூக்கடைப்பு போன்ற பக்கவிளைவுகளாலும் புதிய மருந்துகளின் வருகையாலும் ரெசர்ப்பின் இன்று அரிதாகவே பயன்படுகிறது. மிகுதியாகத் தோண்டப்பட்டதால் அருகிய சர்ப்பகந்தாவின் பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.

விருதுகள்

* லாஸ்கர் விருது - 1957
* பத்ம பூசண் - 1958
* சாந்தி சுவரூப் பட்நாகர் விருது - 1965
* பி. சி. ராய் விருது - 1969