பட்டாவில் உங்க பெயர் எப்படி வந்தது? கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கும் தாமஸ் மன்றோவுக்கும் என்ன தொடர்பு?

கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய அலைச்சல்தான். பயிர்க்கடன் வேணுமா? சிட்டா, அடங்கல் கொண்டு வாங்க. சொட்டுநீர் மானியமா? சிட்டாவோடு புலப்படமும் வேணும். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கணுமா? முதலில் பட்டா யார் பெயரில் இருக்குன்னு பாருங்க.

ஒரு வயலுக்கு ஒரு எண், அந்த எண்ணுக்கு நேராக ஒரு விவசாயியின் பெயர், பக்கத்தில் பரப்பளவும் தீர்வையும். இந்த முறையை யார் கொண்டு வந்தது? இதற்கான பதில் சென்னை தீவுத்திடல் அருகே குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறது. அவர் பெயர் சர் தாமஸ் மன்றோ.

யார் இந்த மன்றோ?

1761 மே 27-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். அப்பா புகையிலை வணிகர். அமெரிக்க விடுதலைப் போர் வந்ததும் அந்த வணிகம் நொடித்துப் போனது. வசதியான வீட்டுப் பையன் வேலை தேடி கிழக்கிந்திய கம்பெனியின் ராணுவத்தில் சேர்ந்தார். 1780-ல் சென்னைக்கு வந்து இறங்கியபோது அவருக்கு வயது 18. வந்த வருடமே ஹைதர் அலியுடன் போர். முதல் பத்து ஆண்டுகளுக்கு மேல் அவர் வெறும் சிப்பாய் அதிகாரிதான்.

திருப்பம் தந்த 1792

மூன்றாம் மைசூர் போரில் தோற்ற திப்பு சுல்தான், 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் தன் ராஜ்யத்தின் பாதியை விட்டுக்கொடுத்தார். பாராமஹால் என்று அழைக்கப்பட்ட இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகள் அப்போதுதான் கம்பெனியின் கைக்குப் போயின. அதே உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமையும் போனது. இன்றைய தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர், கண்டமனூர், கோம்பை, தேவாரம் பாளையங்கள் அந்தத் திண்டுக்கல் சீமையைச் சேர்ந்தவை.

மன்றோ திண்டுக்கல்லுக்கு வரவில்லை. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்பவரின் உதவியாளராக பாராமஹாலுக்குப் போனார். தருமபுரியில் தங்கி ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தார். கிராமம் கிராமமாகச் சுற்றி வயல்களை அளப்பதும், எது யார் சாகுபடி என்று எழுதுவதும்தான் வேலை. நடுவில் ஜமீன்தார் இல்லாமல் அரசே விவசாயியிடம் நேராக வரி வாங்கும் இந்த முறைக்கு ரயத்துவாரி என்று பெயர். ரயத் என்றால் விவசாயி. ரீட் தொடங்கி வைத்ததை பின்னாளில் முழுமையாக்கியவர் மன்றோ.

அளந்ததை ஏலம் விட்டார்கள்

வங்காளத்தில் 1793-ல் காரன்வாலிஸ் பிரபு வேறு வழியில் போயிருந்தார். ஜமீன்தார்களிடம் நிலத்தை ஒப்படைத்து, அவர்கள் கட்டும் தொகையை நிரந்தரமாக நிர்ணயித்து விடுவதுதான் அவருடைய முறை. அதையே சென்னை மாகாணத்திலும் கொண்டு வரச் சொல்லி மேலிடத்து நெருக்கடி. 1802-ல் அதற்கான சட்டமும் வந்தது. ரீட்டும் மன்றோவும் அளந்து வைத்த பாராமஹால், மிட்டா மிட்டாவாகப் பிரிக்கப்பட்டு ஏலம் போனது.

மன்றோ அதற்குள் வேறு இடத்துக்கு மாறியிருந்தார். 1800-ல் ஹைதராபாத் நிஜாம் கொடுத்த பெல்லாரி, அனந்தபூர், கடப்பா பகுதிகளுக்கு அவர்தான் முதன்மை கலெக்டர். அங்கிருந்த பாளையக்காரர்களை அடக்கிய கையோடு, 1802-ல் நில அளவையைத் தொடங்கினார். அதற்கு 33 அடிச் சங்கிலி பயன்பட்டது. அப்படி 40 சதுரச் சங்கிலி சேர்ந்தால் ஒரு ஏக்கர். எண், பரப்பு, மண்ணின் தரம், தீர்வை என்று ஒவ்வொரு வயலுக்கும் கணக்கு எழுதப்பட்டது.

வரி அதிகம் என்பது மன்றோவுக்கே தெரிந்திருந்தது. நாலில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும் என்று 1807-ல் மேலே எழுதினார். அப்போது யாரும் கேட்கவில்லை.

லண்டனில் வாதாடி, கவர்னராகத் திரும்பினார்

1807-ல் தாயகம் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். விவசாயியோடு நேரடி ஏற்பாடுதான் தென்னிந்தியாவுக்குப் பொருந்தும் என்று கம்பெனி இயக்குநர்களை நம்ப வைத்தார். 1820-ல் சென்னை மாகாண கவர்னராக வந்ததும், ரயத்துவாரி மாகாணத்தின் பொது முறையானது.

1827-ல் ஊர் திரும்ப வேண்டியவர், அதற்கு முன் தன் பழைய மாவட்டங்களை ஒருமுறை பார்க்கக் கிளம்பினார். போன இடத்தில் காலரா. ஜூலை 6-ம் தேதி, இன்றைய கர்னூல் மாவட்டத்தின் பத்திகொண்டாவில் இறந்தார். குத்தியில் புதைக்கப்பட்ட உடல், பிறகு சென்னை ஜார்ஜ் கோட்டையின் புனித மேரி தேவாலயத்துக்கு மாற்றப்பட்டது. பிரான்சிஸ் சான்ட்ரி செதுக்கிய சிலை 1839-ல் நிறுவப்பட்டது.

அப்போ மன்றோ விவசாயிகளின் நண்பரா?

பாதி ஆமாம். ஜமீன்தார் பெயர் மட்டுமே இருக்க வேண்டிய ஏட்டில் சாதாரண விவசாயியின் பெயர் ஏறியது, அவர் பிடித்த பிடியால்தான். ஆனால் அந்த ஏடு எதற்காக எழுதப்பட்டது? வரி வசூலுக்காக. மழை பொய்த்த வருடத்திலும் பணமாகவே கட்டணும். கட்ட முடியாதவர்கள் கந்துவட்டிக்குப் போனார்கள், நிலத்தையும் இழந்தார்கள். வயலில் இறங்கி வேலை செய்தும் தீர்வை கட்டாத கூலிகளின் பெயர் ஏட்டில் ஏறவே இல்லை.

தேனிக்கு எப்போது வந்தது?

இந்தப் பக்கம் ஒரே நாளில் வரவில்லை. அரசு நேராக வரி வாங்கிய கிராமங்களில் ரயத்துவாரி 19-ம் நூற்றாண்டிலேயே இருந்தது. போடிநாயக்கனூர், கண்டமனூர் போன்ற ஜமீன் கிராமங்களுக்கோ 1948-ல் வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் ரயத்துவாரி பட்டா கிடைத்தது. ஒரே மாவட்டத்தில் ஒரு ஊருக்கு ரொம்பப் பழைய பதிவேடும், அடுத்த ஊருக்கு சுதந்திரத்துக்குப் பிந்தைய பதிவேடும் இருப்பது இதனால்தான். பழைய ஜமீன் ஊரில் நிலம் வாங்குபவர்கள் 1948-க்குப் பிறகு பட்டா யாருக்கு வழங்கப்பட்டது என்பது வரை தேடிப் பார்ப்பது நல்லது.

1895-ல் முல்லைப் பெரியாறு தண்ணீர் வந்த பிறகு இந்தப் பதிவேடுகளில் இன்னொரு சொல்லுக்கு மதிப்பு கூடியது. அது நன்செய். லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் என்பது இன்றும் சொல்லப்படும் கணக்கு. உங்க வயல் நன்செயா புன்செயா என்பதும் பட்டாவிலேயே இருக்கும்.

இன்று உங்க நிலத்தின் விவரத்தை எப்படிப் பார்ப்பது?

தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் தேனி மாவட்டத்தைத் தேர்வு செய்து, வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண்ணைக் கொடுத்தால் போதும். செல்போனுக்கு வரும் கடவு எண்ணைப் போட்டதும் விவரம் திறக்கும். அதில் இவற்றைப் பாருங்க:

• பட்டா, சிட்டா: யார் பெயரில், எந்தெந்தப் புல எண்கள், எவ்வளவு பரப்பு, எவ்வளவு தீர்வை. கூட்டுப் பட்டாவாக இருந்தால் மற்றவர்கள் பெயரும் இருக்கும்.

• அ-பதிவேடு: அந்தப் புல எண் பட்டா நிலமா, அரசுப் புறம்போக்கா, எந்த வகை நிலம்.

• புலப்படம்: வயலின் எல்லைகளும் அளவுகளும். பட்டாவில் உள்ள உட்பிரிவு எண்ணும் புலப்படத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று சரிபாருங்க.

பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் சுமார் 2.47 சென்ட். ஒரு ஹெக்டேர் சுமார் 2.47 ஏக்கர். அந்த வருடம் என்ன பயிர் என்பதைச் சொல்லும் அடங்கலுக்கு கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கணும்.

பட்டா இருந்தா போதுமா?

போதாது. பலர் ஏமாறுவது இங்கேதான். பட்டா பிறந்ததே வரி ஏடாக. இந்த வயலுக்குத் தீர்வை கட்டுபவர் யார் என்பதுதான் அதன் முதல் கேள்வி. வருவாய்த் துறை ஏட்டில் பெயர் இருப்பது மட்டுமே உரிமையைத் தந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. அதனால் பதிவுத் துறையின் வில்லங்கச் சான்றையும், மூலப் பத்திரத்தையும் பட்டாவோடு சேர்த்துப் பார்க்கணும். பத்திரம் முடித்துவிட்டு பட்டா மாற்றாமல் விடுவதும் அதே அளவு ஆபத்து. ஏட்டில் விற்றவர் பெயரே நீடித்தால் கடன், மானியம், இழப்பீடு எல்லாம் சிக்கலாகும்.

பெயர் தவறு, பரப்பு தவறு, இறந்தவர் பெயரில் பட்டா என்று எது இருந்தாலும், தாலுகா அலுவலகத்தில் வருடா வருடம் நடக்கும் ஜமாபந்தியிலும் மனு கொடுக்கலாம். பசலி ஆண்டு ஜூன் 30-ல் முடிவதை ஒட்டி அது நடக்கும். ஒவ்வொரு விவசாயியின் வரியையும் கிராமக் கணக்கோடு வருடம் ஒருமுறை சரிபார்க்கும் ரயத்துவாரி வழக்கம்தான் இன்றும் அந்தப் பெயரில் தொடர்கிறது. தேனி, பெரியகுளம், ஆண்டிபட்டி, போடிநாயக்கனூர், உத்தமபாளையம் என்று மாவட்டத்தின் ஐந்து வட்டங்களிலும் நடக்கும். அடுத்த ஜமாபந்திக்கு முன் உங்க பட்டாவையும் புலப்படத்தையும் ஒருமுறை எடுத்துப் பார்த்துடுங்க.