கோட்டுக்குள் தைத்த பட்டுக் கடிதம்: யார் இந்த உபைதுல்லா சிந்தி?

போடிமெட்டுக் குளிரில் எதிரே வருகிறவரின் ஸ்வெட்டரை யாராவது சந்தேகப்படுவோமா? மாட்டோம். ரகசியம் கடத்துகிறவர்களுக்கு அதுதான் வசதி. முதல் உலகப்போரின்போது பெல்ஜியத்தில் ரயில் பாதையோரம் வசித்த பெண்கள், போகிற வருகிற ரயில்களை ஸ்வெட்டர் பின்னலிலேயே கணக்கு வைத்ததாகச் சொல்வார்கள். அதே போர்க்காலத்தில் இந்தியாவிலும் இப்படி ஒரு சம்பவம் நடந்தது. இங்கே பின்னலுக்குப் பதில் பட்டு.

அதன் நாயகன் உபைதுல்லா சிந்தி. 1872-ல் சியால்கோட் பகுதியில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்து, பதின்ம வயதில் இஸ்லாத்தைத் தழுவியவர். தேவ்பந்த் மதரசாவில் மவுலானா மஹ்மூத் ஹசனின் மாணவர். 1915-ல் குரு சொல்ல, காபூலுக்குக் கிளம்பினார். பிரிட்டன் போரில் சிக்கியிருக்கும்போதே ஆப்கானிஸ்தான், துருக்கி உதவியோடு இந்தியாவில் ஆட்சியைக் கவிழ்ப்பதுதான் பிளான்.

அந்த டிசம்பரில் காபூலில் இந்தியாவின் தற்காலிக அரசு அமைந்தது. ராஜா மகேந்திர பிரதாப் அதிபர், பரக்கத்துல்லா பிரதமர், சிந்தி உள்துறை அமைச்சர். வெளியுறவு யாருக்குத் தெரியுமா? நம்ம செண்பகராமன் பிள்ளைக்கு!

1916 ஜூலை. குரு அப்போது அரேபியாவில். தபாலில் போட்டால் பிரிட்டிஷ் கையில் சிக்கும். அதனால் சிந்தி மஞ்சள் பட்டுத்துணியில் கடிதங்களை எழுதினார். பேப்பர் சரசரக்கும், பட்டு சத்தமே போடாது. துணிகளைக் கோட்டு லைனிங்குக்குள் வைத்துத் தைத்து, அப்துல் ஹக் என்பவரிடம் கொடுத்தனுப்பினார். சிந்து மாகாண ஹைதராபாத்தில் ஒருவரிடம் சேர்த்தால், அங்கிருந்து அரேபியாவுக்குப் போகும்.

வழியில் முல்தான். அங்கே பிரிட்டிஷ் விசுவாசியான ரப் நவாஸ் கான் என்பவரின் மகன்கள் காபூலுக்கு ஓடிப்போயிருந்தார்கள். பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று அப்துல் ஹக் அவர் வீட்டுக்குப் போனார். அப்பா துருவித் துருவிக் கேட்டார். கோட்டு விஷயம் வெளியே வந்தது. பட்டு நேராக அதிகாரிகளிடம் போய்ச் சேர்ந்தது.

புதிதாக அமைக்க நினைத்த ராணுவத்தில் யாருக்கு என்ன பதவி என்ற பட்டியலும் அதில் இருந்தது, பெயரோடு! போனை ஒளித்து வைத்துவிட்டு லாக் போடாமல் விட்ட மாதிரி. பிறகு கைதுகள் தொடர்ந்தன. அரேபியாவில் பிடிபட்ட குரு, மால்டா தீவில் சிறை வைக்கப்பட்டு 1920-ல் விடுதலையாகி, அதே நவம்பரில் இறந்தார். 1918 ரவுலட் குழு அறிக்கையிலும் இந்தப் பட்டுக் கடிதங்கள் இடம்பெற்றன. ரவுலட் சட்டம் வந்தது அடுத்த வருடம்.

சிந்தி? மாஸ்கோ, துருக்கி, மெக்கா என அலைந்தார். 24 வருடம் கழித்து, 1939-ல்தான் ஊர் திரும்ப முடிந்தது. 1944 ஆகஸ்ட்டில் காலமானார். பட்டுக் கடித இயக்கத்துக்கு இந்திய அஞ்சல் துறை ஸ்டாம்ப் வெளியிட்டது 2013-ல்.