தேவசகாயம் சரித்திரம்

செல்வச் செருக்கும், கல்விச் செருக்கும், உத்தியோகச் செருக்கும் மனிதன் தன் காலத்தில் தேடிக்கொள்பவை. குலச் செருக்கோ அவனுடன் கூடப் பிறப்பது. முன்னவற்றைக் கடவுள் சந்நிதியில் இறக்கி வைத்தவருள்ளும் பின்னதை இறக்கி வைத்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராகிய தேவசகாயத்தின் வரலாற்றை, குலாபிமானத்தால் ஒன்றுகூடியிருக்கும் நமது சங்கத்தாரும் அவர்தம் குடும்பத்தாரும் அறிந்திருத்தல் நலமெனக் கருதி, ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

போடிநாயக்கனூரிலிருந்து மலையேறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் நம்மவர், போடிமெட்டைக் கடந்ததும் கேரள ராஜ்யத்து இடுக்கி ஜில்லாவுக்குள் பிரவேசிக்கின்றனர். அம்மேற்கு மலைகள் முன்னாளில் திருவாங்கூர் மன்னரின் ஆளுகைக்குட்பட்டிருந்தன. அச்சமஸ்தானத்தை வலிமையுறச் செய்தவர், 1729 முதல் 1758 வரை அரசு புரிந்த மார்த்தாண்ட வர்மா என்பவர். மிளகு வியாபாரத்தை அரசாங்கத்துக்கே உரியதாக்கிப் பொக்கிஷத்தைப் பெருக்கியவரும் அவரே. அவருடைய அரண்மனை, இப்போது கன்னியாகுமரி ஜில்லாவைச் சேர்ந்த பத்மநாபபுரத்தில் இருந்தது. நமது சரித்திர நாயகர் உத்தியோகம் வகித்ததும் அங்கேயாம்.

நீலகண்ட பிள்ளை என்பது அவரது இயற்பெயர். 1712-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 23-ந் தேதி நட்டாலம் என்னும் ஊரில் செல்வாக்கு மிகுந்த நாயர் குடும்பத்தில் பிறந்தார். வடமொழியும் தமிழும் மலையாளமும் கற்று, ஆயுதப் பயிற்சியிலும் தேர்ந்து, அரண்மனைச் சேவகத்தில் அமர்ந்தார். மன்னரின் நம்பிக்கையும், ஊராரின் மரியாதையும், உயர்குலத்துப் பெருமையும் ஒருங்கே வாய்ந்தவருக்கு இனி வேண்டுவது யாது என்று உலகத்தார் எண்ணியிருப்பர்.

1741-ஆம் வருஷம் குளச்சலில் நடந்த யுத்தத்தில் டச்சுக்காரர் தோல்வியுற்றனர். அவர்களுள் சிறைப்பட்ட டிலனாய் என்னும் தளகர்த்தர் பின்னர் மன்னரின் சேனைக்கே பயிற்சியளிப்பவரானார். அவருடன் நீலகண்டருக்கு நட்பு உண்டாயிற்று. அக்காலத்தில் நீலகண்டருடைய குடும்பத்தில் நஷ்டங்கள் அடுத்தடுத்து நேர்ந்து மனம் தளர்ந்திருந்தனர் என்றும், சகலமும் இழந்தும் கடவுளை நிந்தியாத யோபு என்னும் பக்தரின் கதையை டிலனாய் எடுத்துரைத்தார் என்றும் கூறுவர். யோபுவின் கதை நீலகண்டரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. தாம் தம்முடையதென்று எண்ணிய யாவும் தந்தவனுடையதே என்று தெளிந்தார். 1745-ஆம் வருஷம் மே மாதம் 14-ந் தேதி, சமஸ்தானத்தின் எல்லைக்கு அப்பாலுள்ள வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் என்னும் பெயர் பூண்டார். அவருடைய மனைவியாராகிய பார்கவி அம்மையாரும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ எனப் பெயர் கொண்டனர்.

இதுவரையில் அவர் மாற்றிக்கொண்டது மார்க்கம் மட்டுமே என்று கருதுவோர் உளர். உண்மை அதுவன்று. அவர், கீழ்க்குலத்தார் என்று ஒதுக்கப்பட்டவருடன் சமமாகக் கலந்து, உடனிருந்து உண்டு, அவர்களைச் சகோதரராகப் பாவித்தார். சிலருடைய நிழலுக்கும் தீட்டுண்டென்று அஞ்சிய காலம் அது. அரண்மனை உத்தியோகஸ்தர் ஒருவர் இவ்வாறு நடப்பதைச் சகியாதவர் மன்னரிடம் கோள் கூறினர். 1749-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் அவர் சிறை செய்யப்பட்டார். இராஜ துரோகமே காரணமென்று கூறும் சரித்திரக்காரரும் உளர். விசுவாசத்தின் பொருட்டே துன்புற்றார் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் முடிவு.

அதன்பின் ஏறக்குறைய மூன்று வருஷம் அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. எருமையின்மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்று அவமானப்படுத்தினர். நாடோறும் அடித்து, அப்புண்களில் மிளகுப்பொடி தேய்த்து வெயிலில் நிறுத்தினர் என்பது வழிவழி வந்த வரலாறு. எந்த மிளகினால் அரண்மனை செழித்ததோ, அந்த மிளகே அரண்மனைச் சேவகரின் புண்ணில் எரிந்தது. பழைய மார்க்கத்துக்குத் திரும்பினால் இழந்த பதவியைப் பெறலாமென்றிருந்தும் அவர் இணங்கவில்லை. தாழ்மை என்பது எல்லார்க்கும் அஞ்சி வளைதலன்று. ஏழையின் பந்தியில் தரையில் அமரத் தெரிந்தவருக்கு, அரசனுடைய ஆணையின் முன்னே வளையாதிருக்கவும் தெரிந்தது. கடவுள் ஒருவர்க்கே பணிந்தவர் பிறர்க்கு அஞ்ச வேண்டுவதில்லை. பிறரை இகழவும் வேண்டுவதில்லை.

1752-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 14-ந் தேதி, ஆரல்வாய்மொழிக்கு அருகிலுள்ள காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது. அவரது சரீரத்தின் எச்சங்கள் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன.

இனி, வருந்தத்தக்க ஒன்றையும் மறையாது கூறவேண்டும். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பின்னாளில் கிறிஸ்தவருக்குள்ளேயே குலப் பிணக்கு மூண்டது. ஒரே பீடத்தை நோக்கி வணங்குவோர் ஒருவரையொருவர் காணாதபடி, ஆலயத்துக்குள் நடுச்சுவர் நின்றது. 1910-ஆம் வருஷத்தில்தான் அச்சுவர் இடிக்கப்பட்டது. மார்க்கம் மாறியும் செருக்கு மாறவில்லை. கர்த்தருக்கு முன்பாக முழங்கால் படியிட்டவர் அயலானுக்கு முன்பாக நிமிர்ந்தே நின்றனர்.

2022-ஆம் வருஷம் மே மாதம் 15-ந் தேதி உரோமாபுரியில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவில் குருப்பட்டம் பெறாத இல்லறத்தாருள் அப்பதவி எய்திய முதல்வர் அவரே. அங்ஙனம் அறிவித்தபோது குலத்தைக் குறிக்கும் சொல் நீக்கப்பட்டு, தேவசகாயம் என்னும் பெயர் மட்டுமே வழங்கப்பெற்றது. அவர் உயிரோடிருந்தபோது கழற்றி வைத்த பாரத்தை இருநூற்றெழுபது வருஷங்கழித்து அவர் பெயரிலிருந்தும் இறக்கினர்.

சங்கத்து அன்பர்காள்! ஏழை மாணாக்கருக்கு உதவுதல், நலிந்த குடும்பத்தைத் தாங்குதல் முதலிய நற்கருமங்களுக்கு நாம் கூடுதல் தகும். ஆனால் அக்கூட்டம் பிறரினும் நம்மை உயர்த்திக்கொள்ளும் மேடையாகுமாயின், நம் உள்ளத்திலும் ஒரு நடுச்சுவர் எழும்பிவிட்டதென்று அறிதல் வேண்டும். ஏலத்தோட்டத்தில் நம்மோடு வேலை செய்பவர் யாவராயினும், அவருக்கு நம் வீட்டுப் பந்தியில் இடமுண்டா என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே வினவிக்கொள்வாராக. அதற்கு நாம் அளிக்கும் விடையே, நாம் கடவுளுக்கு முன்பாக எவ்வளவு தாழ்ந்திருக்கிறோம் என்பதற்கு அளவுகோலாம்.