தங்கைக்குக் கிடைக்காத டாக்டர்

மும்பையில் பரேல் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். ஊரில் இருந்து வந்த யாராவது ஒருவர் ஆஸ்பத்திரி பைலை மார்போடு அணைத்தபடி வழி கேட்டு நிற்பார். புற்றுநோய் என்று தெரிந்த நாளில் வீட்டில் எழும் முதல் கேள்வி, யாரிடம் காட்டுவது என்பதுதான்.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்வி ஒரு டாக்டரின் குடும்பத்திலேயே எழுந்தது. சரியான பதில் கிடைப்பதற்குள் நோயாளி இறந்து போனார். அந்த டாக்டர்தான் முத்துலட்சுமி ரெட்டி.

புதுக்கோட்டைப் பெண்

1886-ம் ஆண்டு ஜூலை மாதம் 30-ந் தேதி புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி அய்யர் கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர்.

அங்கிருந்த மகாராஜா கல்லூரியில் அப்போது ஆண்கள் மட்டுமே படித்தார்கள். ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் இடம் கொடுக்கச் சொன்னார்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் சம்மதித்தார். அந்தக் காலத்துக்கு இது பெரிய துணிச்சல்தான்.

சீதபேதி என்று நினைத்தார்கள்

1920-களின் தொடக்கத்தில் அவருடைய தங்கை சுந்தராம்பாள் நோயில் விழுந்தார். முதலில் சீதபேதி என்றே கருதி வைத்தியம் நடந்தது. உண்மையில் அது மலக்குடலில் வந்த புற்றுநோய். அது தெரிய வந்தபோது காலம் கடந்து விட்டது.

மலத்தில் ரத்தம் போனால் மூலம் என்றும், சூடு என்றும் சொல்லி மாதக்கணக்கில் கைவைத்தியம் பார்க்கும் பழக்கம் இன்றும் நம்மிடம் இருக்கிறது. முத்துலட்சுமியின் வீட்டிலோ பார்த்தவர்கள் படித்த டாக்டர்கள். அக்காளே டாக்டர். அப்படியும் நோய் ஏமாற்றி விட்டது.

புற்றுநோய்க்கு ரேடியம் வைத்துச் சிகிச்சை செய்யும் முறை அப்போது உலகில் வந்து விட்டது. 1898-ல் கியூரி தம்பதிகள் கண்டுபிடித்த ரேடியம்தான் அது. ஆனால் அதன் விலை மிக அதிகம். அதைக் கையாளத் தெரிந்தவர்கள் இந்தியாவில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே. கதிர்வீச்சு சிகிச்சை நிபுணர் என்று ஒருவரை சென்னையில் தேடிப் பிடிப்பது நடக்காத காரியம்.

தங்கையின் சாவு அவர் மனதில் முள்ளாகத் தைத்தது. 1925-ல் மேல்படிப்புக்காக லண்டன் போனபோது அங்கிருந்த புற்றுநோய் ஆஸ்பத்திரியையும் பார்த்தார். இப்படி ஒன்று சென்னைக்கு வேண்டும் என்ற எண்ணம் உறுதியானது.

மூன்று பத்தாண்டுகள்

நாடு திரும்பியதும் சென்னை சட்ட மேல்சபைக்கு நியமனம் ஆனார். 1927-ல் துணைத்தலைவர் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்க மசோதா கொண்டு வந்தார். அது முழுச் சட்டமாக 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து 1930-ல் பதவியை விட்டார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். இதையெல்லாம் பள்ளிப் புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள்.

ஆஸ்பத்திரி எண்ணம் மட்டும் கைகூடவில்லை. 1935-ல் மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் அதைப் பலர் அறியச் சொன்னார். ஆதரவு திரளவில்லை. புற்றுநோய் வந்தவர் சாகத்தானே போகிறார், அவருக்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு என்பது அன்றைய அதிகாரிகள், மந்திரிகள் வரை இருந்த நினைப்பு.

இதற்கிடையில் பம்பாய் முந்திக்கொண்டது. சர் தொரப்ஜி டாட்டாவின் மனைவி மெஹர்பாய் ரத்தப் புற்றுநோயில் இறந்திருந்தார். அவர் நினைவாக எழுந்த டாட்டா ஆஸ்பத்திரி 1941 பிப்ரவரி 28-ந் தேதி பரேலில் திறக்கப்பட்டது. அதுவும் ஒரு வீட்டுச் சாவில் இருந்து பிறந்ததுதான். ஆனால் அங்கே டாட்டாவின் பணம் இருந்தது. முத்துலட்சுமியிடம் அது இல்லை.

1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் நிதி திரட்டத் தொடங்கினார். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடையாறில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ந் தேதி ஆஸ்பத்திரி திறந்தது. 12 படுக்கைகள், சில குடிசைகள். அவ்வளவுதான்.

மகனே டாக்டர்

கட்டிடம் கட்டி விடலாம். நிபுணருக்கு எங்கே போவது? தன் மகன் கிருஷ்ணமூர்த்தியையே இந்த வேலைக்குத் தயார் செய்தார் முத்துலட்சுமி. அவர் அமெரிக்காவிலும் லண்டனிலும் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1955-ல் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். கையில் கிடைத்த அரசு வேலையை விட்டு விட்டு வந்தவர் அவர்.

1950-களின் பின்பாதியில் கனடாவில் இருந்து கோபால்ட்-60 இயந்திரம் அடையாறுக்கு வந்தது. பழைய எக்ஸ்ரே கருவிகளின் கதிர் தோலைப் பொசுக்கும், ஆழத்துக்குப் போகாது. கோபால்ட்டில் இருந்து வரும் காமா கதிர் உடலின் உள்ளே இருக்கும் கட்டி வரை சென்று தாக்கும்.

இதைத்தான் நம் ஜனங்கள் கரண்ட் வைப்பது என்கிறார்கள். உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. கதிர் படும்போது வலியும் இல்லை. ஒரு தடவைக்குச் சில நிமிடங்கள். நல்ல உயிரணுக்கள் தேறி வர அவகாசம் கொடுப்பதற்காக மொத்த அளவைப் பிரித்துப் பல வாரங்கள் கொடுக்கிறார்கள். லீவு தீர்ந்ததென்று பாதியில் நிறுத்தி விட்டு ரயில் ஏறுவது ஆபத்து. எந்த ஊரில் வைத்துக்கொள்வது, யார் கூட இருப்பது என்பதைத் தொடங்குவதற்கு முன்பே பேசி முடிவு செய்வது நல்லது.

இன்னொரு குழப்பமும் உண்டு. எக்ஸ்ரே, ஸ்கேன் படம் பார்த்துச் சொல்பவர் ரேடியாலஜிஸ்ட். கதிர் கொடுத்துச் சிகிச்சை செய்பவர் ரேடியேஷன் ஆன்காலஜிஸ்ட். இருவரும் வேறு. நாம் தேட வேண்டியது இரண்டாமவரை. எவ்வளவு கதிர், எந்தக் கோணத்தில் என்று கணக்கிட அவருக்குத் துணையாக இயற்பியல் படித்த ஒருவரும் இருப்பார். சுந்தராம்பாளுக்கு வந்த மலக்குடல் புற்றுநோயில் இன்று பலருக்கு ஆபரேஷனுக்கு முன்பே கதிர் கொடுத்துக் கட்டியைச் சுருக்குகிறார்கள்.

முத்துலட்சுமி 1968 ஜூலை 22-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 81. 1976-ல் லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற புதிய கதிர் இயந்திரம் இந்தியாவிலேயே முதலாவதாக அடையாறுக்கு வந்தது. அதை அவர் பார்க்கவில்லை. டாக்டர் கிருஷ்ணமூர்த்தி 2010-ல் மறைந்தார். அந்த வளாகத்திலேயே குடியிருந்து நோயாளிகளைக் கவனித்த டாக்டர் சாந்தா 2021 ஜனவரி 19-ந் தேதி மறைந்தார்.