மிட்டாய் ஒளித்துத் தின்ற கடற்கொள்ளையன்



ஜாக் லண்டன் என்றால் ‘கானகத்தின் குரல்’ நாவலும் அதில் வரும் நாயும் ஞாபகம் வரும். நான் சொல்ல வந்தது, தன் குடியைப் பற்றி அவரே 1913ல் ‘ஜான் பார்லிகார்ன்’ என்று ஒரு புத்தகம் எழுதிய கதை. எங்க குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவுக்கு சென்ட்ரிங் வேலை. அதனாலோ என்னவோ, இந்த அமெரிக்கக்காரர் எனக்கு அந்நியமாகவே தெரியவில்லை.

1876 ஜனவரி 12ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். தகப்பன் என்று பேசப்பட்ட ஜோசியர் தன் பிள்ளை இல்லை என்று கைவிரித்துவிட்டார். பால் கொடுத்தது, அடிமையாகப் பிறந்து விடுதலையான ஜென்னி பிரென்டிஸ் என்ற கறுப்பினத் தாய். வளர்ப்புத் தகப்பன் நல்ல மனுஷன், கைவைத்த தொழிலெல்லாம் நஷ்டம். ஐந்து வயதில் அவருக்கு வயலுக்கு வாளியில் பீர் தூக்கிப்போன பையன், பெரியவங்க குடிக்கிறாங்களே, நல்லாத்தான் இருக்கும் என்று வழியிலேயே குடித்துப் பார்த்தான். கசப்பு! பிடிக்கவே இல்லை. எங்க வீட்டிலும் அப்பாவுக்கு சோடா வாங்க நான்தான் ஓடணும். அந்தப் பாட்டிலை நானும் மோந்து பார்த்தவன்தான்.

பத்து வயதில் பேப்பர் விற்றான். பிறகு ஓக்லண்டில் டப்பா உணவு ஃபேக்டரி, மணிக்கு 10 சென்ட். அது தாங்காமல் 1891ல் ஜென்னியம்மாவிடம் 300 டாலர் கடன் வாங்கி ஒரு படகு வாங்கி, ராத்திரியில் சிப்பி திருடப் போனான். வயசு பதினைந்து! சாராயக்கடையில் எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தால்தான் ஆம்பிளை என்று மதிப்பார்கள். அதே பையன் கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் மிட்டாய் தின்றபடி லைப்ரரி புத்தகம் படித்திருக்கிறான். எனக்கு நெஞ்சில் நின்றது அந்த மிட்டாய்தான்.

ஒருநாள் பெனிசியாவில் போதையில் தண்ணீரில் விழுந்து, இப்படியே செத்துப்போகலாம் என்று நீரோட்டத்தோடு போய்விட்டான். குளிரில் போதை தெளிந்தது. உயிர்மேல் ஆசை வந்து தத்தளித்தவனை விடியற்காலையில் ஒரு கிரேக்க மீனவர் தூக்கினார்.

எலெக்ட்ரிகல் நண்பர்கள் கவனிக்க: எலெக்ட்ரீஷியன் ஆகணும் என்று ஒரு மின்நிலையத்துக்குப் போனவரை நிலக்கரி அள்ள விட்டார்கள். ஆளுக்கு 40 டாலர் வாங்கிய இரண்டு பேர் வேலை, இவருக்கு 30 டாலர்!

பிறகு பத்தொன்பது வயதில் ஹைஸ்கூல். காலேஜுக்குப் பணம் கொடுத்து உதவியவர்களில் ஒருவர் ஓக்லண்டு சாராயக்கடைக்காரர் ஜானி ஹைனோல்டு. என்னத்தைச் சொல்ல!

உடம்பு கேட்டுக் குடிக்கவில்லை, போகிற இடமெல்லாம் கடை இருந்தது, கூட்டாளிகள் அங்கேதான் இருந்தார்கள் என்பது அவர் வாதம். பெண்களுக்கு ஓட்டு வந்தால் கடைகளை மூடுவார்கள் என்று 1911ல் அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார். புத்தகத்தில் கொஞ்சம் பீற்றலும் உண்டு. எழுதி முடித்தும் குடியை விடவில்லை. 1916 நவம்பர் 22ல் சிறுநீரகம் கெட்டு இறந்தபோது வயது 40.

போன லீவில் நான் அப்பாவோடு வேலைக்குப் போனேன். சனிக்கிழமை கூலி வாங்கியதும் கூட இருந்தவங்க என் கையிலும் கிளாஸைக் கொடுத்தாங்க. வேண்டாம்னு சொல்ல வாய் வரல, குடிச்சேன். அப்பா பார்த்துக்கிட்டுத்தான் இருந்தார்.

இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னேன். அந்தக் கறுப்பம்மாவை அவன் கடைசியில் கவனித்தானா என்று மட்டும் கேட்டார். உயிலில் அவங்களுக்கும் மாசாமாசம் பணம் எழுதி வைத்திருந்தார் என்றேன். மறுநாள் சாயங்காலம் சோடா வாங்க என்னை அனுப்பல. அவரே போனார்.