கப்பலேறி வந்த கடிதங்களும் உ.வே.சா.வும்

பழைய கடிதங்களைச் சேர்ப்பது மேலைநாடுகளில் ஒரு தனிக்கலையாகவே வளர்ந்திருக்கிறது. அட்லாண்டிக் கடலைக் கடந்து நீராவிக் கப்பலில் சென்ற கடிதங்களை மட்டுமே தேடித் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். 1840ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சாமுவேல் கியூனார்டின் பிரிட்டானியா என்ற கப்பல் லிவர்பூலிலிருந்து புறப்பட்டு, ஹாலிபாக்ஸ் வழியாகப் பாஸ்டன் நகரை அடைந்தது. பாய்மரக் கப்பல்களுக்கு ஒரு மாதத்திற்கும் மேல் பிடித்த பயணம் ஏறத்தாழ இரண்டு வாரமாகச் சுருங்கியது. அதே ஆண்டு மே மாதத்தில்தான் உலகின் முதல் அஞ்சல்தலையும் இங்கிலாந்தில் வெளிவந்தது. அக்காலத்து உறை ஒன்று கையில் கிடைத்தால் போதும். அதன்மேல் விழுந்த முத்திரைகளைக் கொண்டே அது எந்தக் கப்பலில் ஏறியது, எந்த நாளில் கரையிறங்கியது, என்ன கட்டணம் செலுத்தப்பட்டது என்றெல்லாம் சேகரிப்பாளர்கள் கூறிவிடுவார்கள்.

இச்செய்திகளைப் படித்தபோது, தமிழில் இப்படிக் கடிதங்களைப் போற்றிக் காத்தவர் யார் என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. விடை தேடி நெடுந்தூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஓலைச்சுவடிகளைக் காத்தவர் என்று பள்ளிப்பாடத்தில் நாம் படித்த டாக்டர் உ.வே.சாமிநாதையர்தாம் அவர். அவருடைய வாழ்க்கையைக் கடிதங்களின் வழியாகச் சொல்லிப் பார்க்க விரும்புகிறேன். சிரம்பான் நகரை ஒட்டிய லோபாக்கில் வளர்ந்தவன் நான். எங்கள் வட்டாரத்துக் குடும்பங்களுக்கும் கப்பல் கடிதங்களுக்கும் நெருங்கிய உறவு உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

உ.வே.சா. 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்தார். தஞ்சை மாவட்டத்தில் பாபநாசத்திற்கு அருகிலுள்ள உத்தமதானபுரம் அவருடைய ஊர். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். குடும்பத்தில் வறுமை நிலையாகக் குடியிருந்தது. மகன் தமிழ் படிக்க வேண்டும் என்பதற்காகவே தந்தை ஊர் ஊராகக் குடிபெயர்ந்தார். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தது அவர் வாழ்வின் முதல் திருப்பம். வேங்கடராமன் என்று பெயரிடப்பட்டிருந்த அவரைச் சாமிநாதன் என்று அழைக்க விரும்பியவர் அந்த ஆசிரியரே. ஆசிரியர் செய்யுள் சொல்லச் சொல்ல ஓலையில் எழுதும் பயிற்சியும், திருவாவடுதுறை மடத்திற்கு வரும் புலவர்களின் கடிதங்களையும் மடத்திலிருந்து செல்லும் திருமுகங்களையும் அருகிலிருந்து காணும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தன. 1876இல் ஆசிரியர் மறைந்தார். பல்லாண்டுகள் கழித்து, 1933இலும் 1934இலும் அவ்வாசிரியரின் வரலாற்றை இரு பாகங்களாக எழுதி வெளியிட்டார் மாணவர்.

1880ஆம் ஆண்டு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தியாகராச செட்டியார் ஓய்வுபெற, அவருடைய பரிந்துரையால் அவ்விடத்தில் உ.வே.சா. தமிழாசிரியரானார். அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில், அந்நகருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் வரிசையாக அவர் அடுக்கியபோது, முதலியார் சற்றும் வியக்கவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். உ.வே.சா. அதைப் படித்ததில்லை. முதலியார் கொடுத்த பிரதியிலிருந்து தொடங்கிய தேடல் அவருடைய இறுதிக்காலம் வரை நீண்டது.

சுவடி தேடும் வேலை எப்படி நடந்தது என்பதை நாம் சரியாக உணர்வதில்லை. அவர் மாட்டுவண்டியில் ஊர் ஊராக அலைந்தது உண்மைதான். ஆனால் கல்லூரி விடுமுறை நாட்களில் மட்டுமே அலைய முடியும். மற்ற நாட்களில் அவருக்காக அலைந்தவை கடிதங்கள். எந்த ஊரில் எவர் வீட்டில் எந்த ஏடு இருக்கிறது என்று விசாரித்து எழுதுவார். சமண சமயச் சொற்களில் ஐயம் எழுந்தால் அச்சமயத்தாரிடம் கேட்பார். அச்சுச் செலவுக்காக முன்பணம் தரக்கூடியவர்களிடம் கையொப்பம் வேண்டுவார். சிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன. இந்த நூல் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கட்டுக் கடிதம் இருக்கிறது.

அக்கடிதங்களில் எல்லாம் இனிப்பானவை என்று சொல்வதற்கில்லை. யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம் பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவர். கலித்தொகையை 1887இல் பதிப்பித்தவர். சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க எண்ணிய அவர், உ.வே.சா. தொகுத்து வைத்திருந்தவற்றைத் தம்மிடம் தந்துவிடும்படி வேண்டினார். இளைஞரான உ.வே.சா.வுக்கு அது பெரும் சோதனை. வயதிலும் அறிவிலும் மூத்தவரிடம் மறுப்புச் சொல்ல வேண்டியிருந்தது. மறுத்தார். ஆயினும் அவருடன் தொடர்பை அறுத்துக்கொள்ளவில்லை; அவருடைய கடிதங்களைக் கிழித்தெறியவுமில்லை. தமக்குப் பிடித்த கடிதம், பிடிக்காத கடிதம் என்று பிரித்துப் பார்த்திருந்தால் பதிப்பு வரலாற்றில் பாதி நமக்குக் கிடைத்திருக்காது.

கடல் கடந்த கடிதங்கள் 1890களில் பெருகின. கொழும்பிலிருந்து பொ.குமாரசாமி முதலியார் எழுதினார். பதிப்புப் பணிக்குப் பொருளுதவியும் செய்தார். பாரிஸ் நகரிலிருந்து ஜூலியன் வின்சன் என்ற பேராசிரியர் எழுதினார். காரைக்காலில் வளர்ந்து தமிழ் கற்று, பின்னர்ப் பாரிஸில் கீழ்த்திசை மொழிகளுக்கான பள்ளியில் தமிழ் கற்பித்தவர் அவர். பிரெஞ்சு நாட்டுத் தேசிய நூலகத்தில் உள்ள தமிழ்ச் சுவடிகளைப் பற்றிய செய்திகள் அவர் வாயிலாகக் கும்பகோணத்தை எட்டின. அந்தப் பிரெஞ்சுக்காரர் தமிழிலேயே கடிதம் எழுதினார் என்பது நம்மைப் போன்ற மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. சிந்தாமணி, சிலம்பு, மணிமேகலைக் கதைகளை அவர் 1900இல் பிரெஞ்சு மொழியில் நூலாக்கினார். ஆக்ஸ்போர்டிலிருந்து ஜி.யு.போப் எழுதினார். திருக்குறளையும் நாலடியாரையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த அம்முதியவர், உ.வே.சா.வின் பதிப்பு வந்தபின் புறநானூற்றுப் பாடல்கள் சிலவற்றையும் மொழிபெயர்த்தார்.

இக்கடிதங்கள் வந்த வழியை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1876இல் இந்தியா உலக அஞ்சல் ஒன்றியத்தில் சேர்ந்தது. இங்கிலாந்துக்குச் செல்லும் கடிதம் சென்னையிலிருந்து இரயிலில் பம்பாய் போகும். அங்கே வாரந்தோறும் புறப்படும் அஞ்சல் கப்பலில் ஏறி, ஏடன், சூயஸ் வழியாக இத்தாலியின் பிரிண்டிசித் துறைமுகத்தில் இறங்கும். அங்கிருந்து மீண்டும் இரயில். போய்ச் சேர ஏறத்தாழ மூன்று வாரம்; பதில் வர இன்னும் மூன்று வாரம். ஒரு பாடபேதத்தைப் பற்றி ஐரோப்பாவில் உள்ளவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இரண்டு மாதம் பொறுத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமையில் விளைந்தவைதாம் இன்று நாம் தேர்வுக்காக அவசர அவசரமாகப் புரட்டும் நூல்கள்.

தாளையும் ஏட்டையும் இவர் ஏன் இவ்வளவு கருத்தாகக் காத்தார்? அவர் கண்டறிந்த ஒரு நிகழ்ச்சி இதற்கு விளக்கம் தரும் என்று நினைக்கிறேன். திருநெல்வேலிச் சீமையில் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகள் குவிந்திருந்ததாகக் கேள்விப்பட்டு அங்கே போனார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அங்கிருந்தவர்கள் கூறினார்கள். அவர்கள் தீய எண்ணத்தால் அப்படிச் செய்யவில்லை; சாத்திரம் சொன்னதைச் செய்ததாகவே நம்பினார்கள். ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடப்பட்ட ஏடுகளும் இப்படித்தான். பக்தியோடு செய்தாலும் போன நூல் போனதுதான். அந்த வேதனையை நேரில் கண்டவர், தமக்கு வந்த ஒரு கார்டைக்கூட எறிய மனம் கொள்வாரா?

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி, 1919 வரை அங்கே பணியாற்றினார். 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரைத் தேடி வந்தன. திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த இல்லத்திற்குத் தியாகராச விலாசம் என்று பெயர். 1940 முதல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 84. அறுபது ஆண்டுக்கு முந்திய நிகழ்ச்சிகளை நாளும் பெயரும் பிசகாமல் அவரால் சொல்ல முடிந்ததற்கு நினைவாற்றல் ஒரு காரணம். கைக்கு எட்டிய தூரத்தில் கட்டுக்கட்டாக இருந்த கடிதங்கள் மற்றொரு காரணம்.

அவ்வரலாறு முற்றுப்பெறவில்லை. போர் அச்சத்தால் சென்னை மக்கள் வெளியேறிய வேளையில் அவரும் திருக்கழுக்குன்றம் சென்றார். அங்கே 1942 ஏப்ரல் 28ஆம் நாள் காலமானார். அதே 1942இன் ஜனவரியில் சிரம்பானும் பிப்ரவரியில் சிங்கப்பூரும் சப்பானியர் வசமாகியிருந்தன. நாகப்பட்டினத்திற்கும் பினாங்குக்கும் இடையே கப்பல் நின்றது, கடிதமும் நின்றது. நம் தோட்டங்களில் இருந்தவர்கள் மூன்றரை ஆண்டுகள் ஊர்ச் செய்தி அறியாமல் கிடந்தார்கள்.

அவர் மறைந்த மறு ஆண்டே, 1943இல், அவர் பெயரால் நூல்நிலையம் தொடங்கப்பட்டது. சென்னை பெசன்ட் நகரில் அது இயங்கிவருகிறது. அவருக்கு வந்த 3,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் அங்கே காக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 1877 முதல் 1900 வரையிலான ஏறத்தாழ 700 கடிதங்களை ஆ.இரா.வேங்கடாசலபதி பதிப்பித்து, 2018இல் நூலாக வெளிவந்தது. திருவல்லிக்கேணி இல்லம் 2012இல் இடிக்கப்பட்டது, கடிதங்கள் தப்பின. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவருக்கு வந்தவை இருக்கின்றன. அவர் பிறருக்கு எழுதியவற்றில் மிகச் சிலவே கிடைத்திருக்கின்றன. பெற்றுக்கொண்டவர்கள் வைத்திருக்கவில்லை. ஓர் உரையாடலின் ஒரு பக்கம் மட்டுமே நம் காதில் விழுகிறது.

இனி லோபாக்கிற்கு வருகிறேன். எங்கள் வட்டாரத்தைச் சுற்றி இரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. லாபு, ரந்தாவ், சிலியாவ் வரை அதே காட்சிதான். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தது போலவே கடித மூட்டைகளையும் கொண்டுவந்தது. எழுதத் தெரியாதவர்களுக்குக் கிராணியோ தோட்டப்பள்ளி வாத்தியாரோ எழுதிக் கொடுப்பார். மணியார்டர் கிடைத்ததா, மாடு கன்று போட்டதா, தங்கைக்கு வரன் அமைந்ததா, அம்மா எப்போது இறந்தாள் என்பவைதாம் பெரும்பாலும் செய்தி. வின்சனும் போப்பும் எழுதிய கடிதங்களுக்குப் பக்கத்தில் இவற்றை வைக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். வைக்கலாம் என்பதே என் கருத்து. நம் பாட்டன்மார் தம் வாயால் சொன்னதாக எழுத்தில் எஞ்சியிருப்பவை இவை மட்டுமே. தோட்ட அலுவலகத்துப் பதிவேட்டில் அவர்களுடைய பெயரும் சம்பளமும் இருக்கும். அவர்களுடைய கவலை இருக்காது.

இரப்பர் செம்பனையாகி, செம்பனைக் காடுகள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது லயங்கள் காலியாயின. சாமிப் படங்களையும் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு போனவர்கள், கரையான் பிடித்த காகிதக் கட்டைக் கொல்லைப்புறத்தில் கொளுத்திவிட்டுப் போனார்கள். கரிவலம்வந்தநல்லூர் தமிழ்நாட்டில் மட்டும் இல்லை.

எனவே இளைய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது பாட்டியின் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். கடிதம் இருந்தால் அஞ்சல்தலைக்காக உறையை வெட்டாதீர்கள். முத்திரையில்தான் நாளும் ஊரும் இருக்கின்றன. யார் யாருக்கு எழுதியது என்பதைப் பாட்டியிடம் கேட்டுத் தனித்தாளில் குறித்து, கடிதத்தோடு சேர்த்து வையுங்கள். படமெடுத்துக் கணினியிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் தமிழ்நாட்டு உறவினர்களிடமும் கேளுங்கள். இங்கிருந்து போன கடிதங்கள் அங்கே ஏதாவது ஒரு பரணில் கிடக்கலாம். உ.வே.சா.வின் மறுபக்கத்தைத் தேடித் தர இனி நம்மால் ஆகாது. நம் குடும்பத்தின் மறுபக்கத்தைத் தேட இன்னும் சிறிது காலம் இருக்கிறது. அவற்றைப் படித்து விளக்கக்கூடிய முதியவர்கள் இருக்கும் வரையில்தான் அந்தக் காலமும்.