சான்ஸலர் பேக்கனின் வீழ்ச்சி

பேரறிவு படைத்தவனும் நாணயம் தவறினால் என்ன கதியடைவான் என்பதற்குப் பிரான்சிஸ் பேக்கனின் சரிதமே சான்றாகும். 1561-ல் இலண்டனில் பிறந்த அவர், தமக்கு நிலமீந்து ஆதரித்த எஸ்ஸெக்ஸ் பிரபுவுக்கு எதிராகவே 1601-ல் அரசாங்கத் தரப்பில் வாதாடினார். பிரபு சிரச்சேதம் செய்யப்பட்டார். 1612-ல் வெளியான கட்டுரையொன்றில், நீதிஸ்தலத்தை ஊழல் அணுகலாகாது என்று நீதிபதிகளுக்கு உபதேசித்தார். 1618-ல் லார்டு சான்ஸலர் என்னும் உன்னத நீதிப் பதவியை அடைந்தார்.

மூன்றே ஆண்டுகளில் குட்டு வெளிப்பட்டது. வழக்கு நடைபெறும்போதே வழக்காடிகளிடம் பணம் பெற்றார் என்று 1621-ல் பார்லிமெண்டு குற்றஞ்சாட்டியது. 28 குற்றங்களை அவரே ஒப்புக்கொண்டார். பதவி பறிபோயிற்று, 40,000 பவுன் அபராதமும் சிறைவாசமும் விதிக்கப்பட்டன. அரசர் தயவால் சில தினங்களில் சிறை மீண்டார், அபராதமும் வசூலாகவில்லை. ஆயினும் இழந்த பதவி மீளாமலே 1626-ல் காலமானார்.

பணம் பெற்றாலும் தீர்ப்பை விற்கவில்லை என்பது அவர் கூறிய சமாதானம். கொடுத்தோர் சிலருக்கு விரோதமாகவும் அவர் தீர்ப்பளித்தது மெய்யே. கொடுக்க வகையற்ற ஏழை வழக்காடி எந்த நம்பிக்கையோடு அந்த நீதிஸ்தலத்தின் படியேறுவான் என்றே நாம் கேட்கிறோம். அக்காலத்தில் அது வழக்கமே என்பாருமுளர். ஊருக்கு உபதேசித்தவருக்கு அவ்வாதம் பொருந்தாது. மக்கள் அளித்த பதவியில் அமரும் தேசத் தொண்டர்கள் இச்சரிதத்தை மறவாதிருப்பார்களாக!